மூன்றாவது பெட்டி

புந்தா அரேனாசில்
தெரு முனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
காற்று முற்றிய நாளில்
அதைப் பிடித்துக்கொண்டுதான் வங்கிக்குப் போக வேண்டும்.
யெர்கோ பாரியா பிடிப்பதில்லை.
காற்றின் மேல் தோளைச் சாய்த்து நடப்பான்.
சட்டென்று அது நின்றால்
விழுவான்.
இதுவரை இரண்டு முறை.

தென்றல் என்று நாம் கொஞ்சும் திசையிலிருந்து
இங்கே பனிக்கட்டி வருகிறது.
மேல்காற்றுதான் நிரந்தரக் குடி.
பூமியைச் சுற்றிவர அதற்குக் குறுக்கே
ஒரு மலை, இந்தக் கையகல நிலம்,
அப்புறம் தண்ணீர்
தண்ணீர்.
மரங்கள் எல்லாம் கிழக்கே வளைந்து
பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்போல் நிற்கின்றன.

ஊருக்கு வெளியே, ஆட்டுப் பண்ணையின் ஓரம்
வாடகைக் கொட்டகை.
உள்ளே ஒரு ஹீட்டர், இரண்டு கணினி,
மாத்தே உறிஞ்சும் சுரைக்குடுவை.
வெளியே ஆண்டெனா.
மேலே, ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்
மூன்று செயற்கைக்கோள்கள்,
ஒவ்வொன்றும் பூட்ஸ் வாங்கினால் தரும் பெட்டி அளவு.

விலை கேட்டால் ஸ்லாவ்கா சிரிப்பாள்.
"பெரிய கோள் ஒன்றுக்குக் கட்டும் இன்சூரன்சில்
இது மூன்றும் வந்துவிடும்,
கொட்டகையும், யெர்கோவின் சம்பளமும்.
சம்பளம் கொஞ்சம் இழுக்கும்."
சிப் ஒன்று காருக்காகச் செய்தது.
இறக்கையைக் கட்டிய இழை
தூண்டில் கடையில் வாங்கியது.

காற்றை யாரும் பார்த்ததில்லை.
பெட்டிகளும் பார்ப்பதில்லை.
முதலாவது பார்ப்பது ஈரத்தை:
கண்ணுக்குப் படாத நீராவி
பிரித்துப்போட்ட பஞ்சுபோல்
ஓரிடத்தில் திரிதிரியாய் இருக்கும்.
அரை மணி கழித்து இரண்டாவது வந்து
அதே திரியைத் தேடும்.
அங்கே இராது.
எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறதோ
அவ்வளவு காற்று.
மூன்றாவது, சாட்சிக்கு.

"இருந்த இடத்தில் இல்லாததை அளக்கிற வேலையா?"
யெர்கோவின் அக்காள் யசேனியா கேட்டாள்.
"என் வீட்டுக்காரனை அளந்து சொல்லேன்,
மார்ச்சில் சிகரெட் வாங்கப் போனவன்."

ஆகஸ்டில் ஓர் இரவு
ஆண்டெனாவின் கழுத்தை முறித்துப்
பண்ணை வேலிக்கு மேல் போட்டது காற்று.
எதை அளக்க நட்டோமோ
அதுவே பிடுங்கிவிட்டது.
முதல் பெட்டி வந்து, பேசி, போய்விட்டது.
கேட்க ஆளில்லை.
இரண்டாவதும்.
ஸ்லாவ்கா கெட்ட வார்த்தை இரண்டை
ஸ்பானிய மொழியில் சொன்னாள்,
மூன்றாவதை அவள் தாத்தாவின் குரோவேஷிய மொழியில்.

மூன்றாவது பெட்டிக்கு
பதினோரு நிமிடம் இருந்தது.
மீன்முள் மாதிரி ஒரு கை ஆண்டெனா,
பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருந்தது.
அதை எடுத்துக்கொண்டு யெர்கோ வெளியே போனான்.
பிக்கப்பின் பம்பரோடு
இடுப்பைக் கயிற்றால் கட்டினாள் ஸ்லாவ்கா.
"இடது! இன்னும் இடது!"
வாயை விட்டு வெளிவந்ததும்
அவள் சொல்லைக் காற்று பிடுங்கிக்கொண்டது.
கண்ணில் மணல்.
கை அறுந்து விழுகிறாற்போல் கனம்.
வடகிழக்கில், மேகங்களுக்குப் பின்னால்
ஏதோ ஒன்று
யாருக்கென்று தெரியாமல்
எண்களைச் சொல்லிக்கொண்டே போனது.

வந்ததில் பாதி ஓட்டை.
மீதியில் அந்தப் புயல் இருந்தது:
ஒன்பதாயிரம் மீட்டரில்,
ஏழாயிரத்தில்,
அவர்கள் நின்ற கொட்டகைக்கு நேர் மேலே.
கணிப்பு நிலையங்களுக்கு அனுப்பினாள்.
யாருக்கு என்ன பயன்பட்டதோ.
நண்டுப் படகு ஏதாவது
ஒரு நாள் தள்ளிக் கிளம்பியிருக்கலாம்,
தூங்கிப்போனதால்கூட இருக்கலாம்.

ஹீட்டர் முன்னால் கையைத் தேய்த்தபடி
யெர்கோ கேட்டான்:
"அதன்மேல் காற்றே பட்டதில்லை, இல்லையா?"
"மேலே ஏது காற்று? ஒரு பேச்சுக்குக் கொஞ்சம்.
அதுதான் தினமும் ஒரு மயிரிழை கீழே இழுக்கிறது."
"அப்புறம்?"
"ஐந்து வருடம், ஆறு வருடம்.
நல்ல காற்று என்று ஒன்று பட்டதும்
எரிந்துவிடும்."

மாத்தே ஆறிப்போயிருந்தது.
விடிந்து ஊருக்குள் வந்தபோது
வங்கி முனையில்
அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.
கை வலிக்கிறது, அதனால்தான் என்றான்
யாரும் கேட்காமலே.